வெள்ளி ரூபாயின் கடைசி எண்

1991இல் நான் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். செய்து வந்ததை அளந்து, சரியாக இருப்பதை அனுப்பி, மற்றதை ஒதுக்குகிற இன்ஸ்பெக்‌ஷன் வேலை. என் அண்ணன் அதே கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா இல்லை. நாங்கள் இருவரும் அம்மாவும் ஒரகடத்தில் குடியிருந்தோம். அம்மா வாலாஜாபாத் பக்கம் ஒரு அரிசி மில்லில் நெல் காய வைக்கப் போவாள்.

முலாம் ஷெட்டில் வேலை செய்கிறவர்களை எங்கள் சூப்பர்வைசர் இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குள் விடமாட்டார். அவர்கள் சட்டையில் ஊறியிருக்கும் அமில வாடைக்கே அளவுக் கருவிகள் துருப்பிடிக்கும் என்பார். அதனால் அண்ணன் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது.

"இத்த உன் லென்சுல வெச்சிப் பாரு. கடைசி நம்பர் இன்னான்னு சொல்லு."

எனக்கு அந்தக் காசைத் தெரியும். அம்மாவின் இரும்புப் பெட்டியில் கிடப்பது. அண்ணனுக்கு மூன்று வயதில் கக்குவான் இருமல் வந்து பிழைத்தபோது, அம்மா வாலாஜாபாத்தில் ஒரு பத்தரிடம் கொடுத்து அதன் விளிம்பில் பித்தளைப் பட்டை ஒன்றை மடித்து ஈயத்தால் பற்ற வைத்து, அவன் அரைஞாணில் கோத்துவிட்டாள். பிறகு அது என் இடுப்புக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பெட்டிக்குள் போய்விட்டது. பத்தர் அதிகம் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பட்டையைக் காசின் அடிப்பக்கத்தில் வைத்துவிட்டார். காசிலிருந்த ராஜா எங்கள் இடுப்பில் தலைகீழாகவே தொங்கினார்.

லென்சுக்குக் கீழே வைத்து விளக்கைப் போட்டேன். ஒன்று, ஒன்பது, மூன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தின் மேல்பாதி. அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பட்டையிலிருந்து வழிந்த ஈயம் நாக்கு மாதிரி நீண்டு எண்ணை மூடியிருந்தது. ஈயத்தின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

"எட்டாவும் இருக்கலாம், ஒம்போதாவும் இருக்கலாம்ணா."

"எட்டுன்னா சும்மா. ஒம்போதுன்னா..." என்று நிறுத்திவிட்டு, டீக்கடையில் பார்த்த வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் காட்டினான். 1939இல் அடித்த வெள்ளி ரூபாய் கிடைப்பது மிக அரிது என்றும், சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள் என்றும் அதில் போட்டிருந்தது.

அன்று மதியம் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் ஒரு போல்ட்டை ஒதுக்குகிறவள் நான். கண்ணுக்குத் தெரிந்த மட்டும் அந்த அரை வட்டத்தை அளந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வந்தது. நான் எந்த எண்ணை நினைத்துக்கொண்டு அளந்தேனோ அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் மாம்பலம் போனோம். காசு சேகரிப்பவர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள் என்று அந்தத் துண்டிலேயே இருந்தது. அங்கே தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்களை உட்காரவைத்தார். காசை விரல் நுனியால் விளிம்பில் மட்டும் பிடித்து, நான் பார்த்ததை விடப் பத்து மடங்கு நேரம் பார்த்தார். தன் ஆல்பத்திலிருந்து ஒரு முப்பத்தெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"சொல்ல முடியலைம்மா. வட்டம் தேஞ்சிருக்கு. எடை, அளவு எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அந்த ஈயத்துக்கு அடியில இருக்கு விஷயம்."

"எடுத்துட்டா?" என்றான் அண்ணன்.

"யார் எடுக்கிறாங்க, எப்படி எடுக்கிறாங்கங்கறதைப் பொறுத்தது. சூடு காட்டினா மேல்தோல் போயிடும். திராவகத்துல போட்டா அதுவும் போயிடும். அப்புறம் ஒம்பதா இருந்தும் பிரயோஜனம் இல்ல."

"அப்டியே வுட்டுட்டா?"

அவர் களிம்பைக் காட்டினார். பற்ற வைக்கும்போது போட்ட திராவகம் உள்ளேயே தங்கி, இத்தனை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது என்றார். சும்மா விட்டால் அது நிற்காது. ஒரு நாள் எண்ணையே தின்றுவிடும்.

பிறகுதான் அவர் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னார். அங்கே இதற்கென்றே கம்பெனிகள் வந்திருக்கின்றன. காசை அனுப்பினால் நிஜமா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்த டப்பாவைப் பார்த்தால் வாங்குகிறவன் மறுபேச்சுப் பேசமாட்டான். அவர் மகன் இரண்டு மாதத்தில் அங்கே போகிறான், கையோடு எடுத்துப்போகச் சொல்ல முடியும்.

"ஆனா ஒண்ணு. சேதமான காசுக்கு அவங்க மார்க் போடமாட்டாங்க. பட்டையோட போனா அப்படியே திரும்பிடும். பட்டையை எடுத்த தழும்போட போனாலும் அநேகமா திரும்பிடும். எதுக்கும் முதல்ல அது எந்த வருஷம்னு தெரியணுமே."

அயனாவரத்தில் ஓர் அம்மா இருக்கிறார் என்று ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். பழைய செப்பு, வெள்ளிச் சாமான்களை அரிப்பிலிருந்து காப்பாற்றுகிற வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ரசாயனக்காரர்.

திரும்பி வரும்போது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் படப்பைக்கு வந்ததும், புதிதாகக் கல் நட்டிருந்த மனைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாத்திட்டாங்கன்னா? நாம ஒம்போத குடுப்போம். அவங்க எட்ட எடுத்து வெச்சிக்கினு, இதான் உன்னுதுன்னு குடுப்பாங்க. உனுக்கு இன்னா தெரியும்?"

"பட்டை இருக்குதே, அடையாளம்."

"பட்டைய எடுக்கத்தான குடுக்கறோம்!"

 காசு அவனிடமே இருந்தது. அவன் கால்சட்டைப் பையில், ஒரு கைக்குட்டைக்குள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலை பஸ்ஸில், வேறு ஏதோ பேசுகிற மாதிரி அவன் சொன்னான். "நேத்து ஒரு பித்தள வாஷர நைட்ரிக் திராவகத்துல போட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே இல்ல. ஈயமும் அப்டித்தான் போவுது."

கூட்டத்தில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பத்து மணிவாக்கில் ஒரு தட்டு போல்ட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு திரும்ப ஞாபகம் வந்தது. பித்தளையைத் தின்கிறது, ஈயத்தைத் தின்கிறது. வெள்ளியைத் தின்னாதா? எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

முலாம் ஷெட்டுக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு முற்றம். அதில் இரும்புக் கம்பிச் சுருள்களை அடுக்கிவைத்திருப்பார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்தத் தூரம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷெட் வாசலில் புகை கண்ணைக் கரித்தது. கடைசித் தொட்டிக்குப் பக்கத்தில், முலாம் போட்ட போல்ட்டுகளுக்குப் பளபளப்பு ஏற்ற வைத்திருக்கும் நைட்ரிக் ஜாடி முன்னால், அண்ணன் குனிந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் கிளிப். கிளிப்பில் காசு.

"அண்ணா, வேணாம்!"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கையை இறக்கினான். காசின் ஒரு விளிம்பு திராவகத்தில் பட்டது. நான் பாய்ந்து கிளிப்பைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்த கழுவுகிற தண்ணீர்த் தொட்டிக்குள் கையோடு அமிழ்த்தினேன். மொத்தம் இரண்டு மூன்று நொடி இருக்கும். வெளியே எடுத்தபோது காசின் இடது ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் அதே பழைய கறுப்பு. ஈயம் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் வுட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்!" என்று கத்தினான்.

"கொஞ்சம் விட்டிருந்தா காசே இருந்திருக்காது!"

ஷெட்டில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் காசைத் தாவணித் தலைப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். சூப்பர்வைசர் எங்கே போனாய் என்று கேட்டார். வயிற்றுவலி என்றேன். விரல்கள் எரிந்தன. சாயங்காலத்துக்குள் வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மஞ்சளாகிவிட்டன. சோப்பு போட்டும் போகவில்லை. தோலே நிறம் மாறியிருந்தது.

அம்மாவிடம் மறைக்கலாம் என்றுதான் இருவரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். சாப்பாடு போடும்போது அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாடி இது விரல்ல? மஞ்சளா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்தான். அம்மா எங்கள் இருவரின் திருட்டு முழியையும் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். துணிகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. 

"என் பொட்டிலேர்ந்து காச எடுத்தது யாரு?"

எல்லாவற்றையும் சொன்னோம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர். மாம்பலம், அமெரிக்கா, நைட்ரிக். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் பிழைத்ததன் அடையாளம், அதில் கைவைத்துவிட்டீர்களே என்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்த கோபம் வேறு.

"கல்யாணத்தப்ப எங்கப்பா என் கையில வெச்ச காசு அது. அது எட்டா, ஒம்போதான்னு நீங்க ரெண்டு பேரும் ஊரெல்லாம் போய்க் கேட்டுட்டு வந்தீங்க. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லத் தோணல?"

"பட்டைய எடுத்தா நீ ஒத்துக்க மாட்டன்னு நெனச்சோம்மா," என்றேன்.

"பித்தள தான அது? அவன் கொயந்தயா இருக்கசொல்ல கட்டனது. இப்ப எரும மாதிரி கீறான், அதுக்கு எதுக்குப் பட்ட? எடுக்கலாம். ஆனா நானும் வருவேன். என் கண்ணு முன்னாடி எடுக்கட்டும்."

சனிக்கிழமை மூவரும் லீவு போட்டோம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, பஸ் பிடித்து அயனாவரம் போனோம். காசு அம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது. வழியெல்லாம் அவள் பையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

ரசாயனக்கார அம்மா ஒல்லியாக, கட்டையாக வெட்டின நரைத்த தலையோடு இருந்தார். முன்னறையில் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, வரிசையாகச் சின்னச் சின்னக் கத்திகள். காசை வாங்கிப் பார்த்தவர் பட்டையைக் கவனிக்கவே இல்லை. வெளுத்த ஓரத்தைத்தான் பார்த்தார்.

"இது என்ன?"

"அது முன்னாடிலேர்ந்தே அப்டித்தான்," என்றான் அண்ணன்.

நான் மஞ்சள் விரல்களை மடக்கிக்கொண்டேன். அந்த அம்மா காசை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"தம்பி, இது இந்த வாரத்து வெளுப்பு. எதுல போட்டீங்க, எவ்வளவு நேரம், கழுவினீங்களான்னு எனக்குத் தெரியணும். உள்ள மிச்சம் இருந்தா நான் கத்தி வைக்கும்போது எனக்கே தெரியாம அது வேலை செய்யும். சொல்லலைன்னா எடுத்துட்டுப் போயிடுங்க."

 அம்மா அண்ணனின் முதுகைத் தொட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நைட்ரிக். ரெண்டு மூணு நொடி. தண்ணியில முக்கினா இவ."

"நல்லவேளை," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் காசைச் சுத்தமான தண்ணீரில் பல தடவை மாற்றி மாற்றி ஊறவைத்தார். அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு எங்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். ஈயத்தைச் சூடு காட்டாமல், திராவகம் இல்லாமல், கத்தியால் துளித்துளியாகச் சீவப் போகிறார். கடைசி மெல்லிய படலத்தை எடுக்கலாமா கூடாதா என்று அங்கே போனபிறகுதான் தெரியும். "இன்னொன்னும் இருக்கு. எட்டும் இல்லாம, ஒம்பதும் இல்லாம, அடியில எல்லாமே அரிச்சுப்போய் வெறும் குழியா இருக்கலாம். அப்படி இருந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆரம்பிக்கட்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆரம்பிங்கம்மா," என்றாள் அம்மா.

அதைப் போல ஒரு பகலை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. அவர் நாலைந்து தடவை சீவுவார். நிறுத்துவார். தூரிகையால் துடைப்பார். கண்ணை மூடி ஓய்வு கொடுப்பார். மறுபடியும் குனிவார். பட்டை முதலில் வந்துவிட்டது, ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு. ஒரு தடவை கத்தி வழுக்கியது. அவர் மூச்சை உள்ளே இழுத்தார். அம்மா என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணுமில்ல, ஈயத்து மேலதான்," என்றார் அவர். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனான், வந்தான், மறுபடியும் போனான். சாப்பிட யாரும் பேச்செடுக்கவில்லை.

மூன்று மணி தாண்டி அவர் விளக்கை எங்கள் பக்கம் திருப்பினார்.

"வந்து பாருங்க. முதல்ல அம்மா."

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும், மில்லில் மூட்டை எண்ணிப் பழக்கம். கண்ணாடிக்குள் நெடுநேரம் பார்த்தாள்.

"கீழ வட்டம் இல்ல. வால் கீது."

அண்ணன் அவளைத் தள்ளாத குறையாகக் குனிந்தான். பிறகு நான். எண்ணின் கீழ்ப்பாதி முழுக்கப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. ஆனால் குழிகளுக்கு நடுவே, இடப்பக்கம் திறந்து, வலப்பக்கமாக வளைந்து இறங்குகிற ஒரு கோடு. ஒன்பது. சந்தேகமே இல்லை.  அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அந்த அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. காசின் நிலைமையை, தான் செய்ததை, செய்யாமல் விட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதினார். ஈயத்துக்கு அடியில் இருந்த அரிப்பு, பட்டையின் தழும்பு, ஓரத்தில் திராவகம் பட்ட வெளுப்பு. "இதுக்கு மேல நான் தொடமாட்டேன். குழியை நிரப்பித் தர்றேன்னு யாராவது சொன்னா கொடுக்காதீங்க. அரிப்பு இனி நிக்கும், அவ்வளவுதான்."

மறுபடி மாம்பலத்துப் பெரியவரிடம் போனோம். அவர் காசைப் பார்த்து ஒன்பதுதான் என்றார். அவர் மகன் அமெரிக்கா கிளம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. அனுப்புவதா வேண்டாமா?

அனுப்ப வேண்டும் என்று அண்ணன் நின்றான். எனக்குப் பயமாக இருந்தது. கடலைத் தாண்டி, முகம் தெரியாத யாரிடமோ. ஆனால் அதைவிட, ஒரு வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. அளந்தால் கடைசி வரை அளக்க வேண்டும். அதனால் நானும் அனுப்பலாம் என்றேன். அம்மா பெரியவரிடம் கேட்டாள்.

"அவங்க மார்க் போடலன்னா, இது கள்ளக்காசுன்னு ஆயிடுமாங்க?"

"ஆகாதும்மா. சேதம்னு சீட்டு வெச்சுத் திருப்புவாங்க."

"போட்டா?"

"போடமாட்டாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது போடமாட்டாங்க. அந்த ஒண்ணுக்காகத்தான் அனுப்பணும்."

"அப்ப வேணாம். சேதம்னு எனக்கே தெரியும். அதச் சொல்ல அவ்ளோ தூரம் போவணுமா?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.  எனக்கும் அம்மா மேல் உள்ளுக்குள் வருத்தம்தான். அந்த ஒன்று நமக்கே வந்திருந்தால் என்று இப்போதும் சில நேரம் தோன்றுகிறது. தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்த வருடக் கடைசியில், பெரியவர் சொல்லி, வேலூரிலிருந்து ஒரு பள்ளி வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். மார்க்கும் டப்பாவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சொந்த லென்சால் பார்த்தார், தாளைப் படித்தார். வெளுத்த ஓரத்தைக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தபோது, அண்ணன் முந்திக்கொண்டான். "அது நான் பண்ணதுங்க. தெரியாத்தனமா." வாத்தியார் அதையும் கழித்துத்தான் விலை சொன்னார். படப்பையில் மனை வாங்க அது போதாது. ஆனால் வீட்டுக்கு ஓடு மாற்றி, அம்மாவை மில் வேலையிலிருந்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் காசை அவர் கையில் வைத்தாள்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு நானும் அண்ணனும் கூட்டுரோட்டிலிருந்து நடந்து வந்தோம். பாதி வழியில் அவன் நின்றான்.

"அன்னிக்கு நீ ஓடியாறது எனக்குத் தெரிஞ்சிது. ஜாடிகிட்ட ரொம்ப நேரமா சும்மாதான் நின்னுக்கினு இருந்தேன். வெச்சிட்டுப் போயிடலாம்னு கூட நெனச்சேன். நீ வேணாம்னு கத்தனப்பதான் உள்ள வுட்டேன்."

நான் நடந்தேன். அவன் இரண்டடி பின்னால் வந்தான். வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாத்தியாருக்கு பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன்.